ஏசுவடியான் போட்ட கட்டு

பதிவு 1187 | நாள் 402 | 08:10

நிலவுத் தென்முனைச் சுரங்க நிலையம், மருத்துவப் பிரிவு. எழுதுபவர் டாக்டர் நவநீதன், எலும்பு அறுவை மருத்துவர். இங்கே மருத்துவர் என்று இருப்பது நான் ஒருவன்தான். எனக்குப் பின் இந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்காக எழுதுகிறேன்.

ஆட்கள் 64. காய்ச்சல் இரண்டு, பல்வலி ஒன்று. எலும்பு ஒட்டும் இயந்திரம் 94 நாளாகச் சும்மா இருக்கிறது. தூசு தட்டினேன்.

94 நாளாக யாருக்கும் எலும்பு முறியவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஏழு முறிவுகள். பூமியில் அறுபது கிலோ இருப்பவர் இங்கே பத்துக் கிலோ. சுமை தாங்காத எலும்பு நாளடைவில் இளைத்துவிடும், இடறி விழுந்தாலே மணிக்கட்டு போகும். ஏழு பேரும் என்னிடம் எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள், நேராக வெல்டிங் பட்டறைக்குப் போனார்கள்.

அங்கே ஏசுவடியான் இருக்கிறார். கன்னியாகுமரிப் பக்கத்து வெல்டர். எலும்புக்குக் கட்டுப் போடுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். நிலையமே அவரை ஆசான் என்கிறது. தங்கப் பதக்கம் வாங்கிய என்னைச் சார் என்கிறது. மூங்கில் பத்தைக்குப் பதில் காற்றுக்குழாய் அலுமினியத் தகடு, முட்டைக்குப் பதில் வெள்ளைக்கருப் பொடி, அதோடு இட்லிக்கென்று பூமியிலிருந்து வந்த உளுந்து மாவு. சமையலறையில் கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள். நான் இரண்டாவது காபி கேட்டால் முறைக்கிறார்கள்.

ஏழு எலும்பும் கூடிவிட்டன. நேராகக் கூடின. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பதிவு 1188 | நாள் 403 | 08:20

விபத்து. மூன்றாம் குழியில் பாறை சரிந்தது. துளைப்பொறி ஓட்டும் இசக்கி, வயது 29, வலது முழங்காலுக்குக் கீழே அடி. படம் எடுத்தேன். கெண்டைக்கால் எலும்பு குறுக்கே முறிந்து விலகியிருக்கிறது. தோல் கிழியவில்லை.

நிலைய விதிப்படி சிகிச்சையை நோயாளி தேர்ந்தெடுக்கலாம். படமும் அழுத்தமானியும் மட்டும் கட்டாயம். அழுத்தமானி என்பது அரிசிமணி அளவு. ஊசியால் சதைக்குள் செலுத்திவிட்டால் உள்ளே எவ்வளவு இறுக்கம் என்று என் திரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். செலுத்தினேன். அளவு 12.

இயந்திரத்தைச் சூடேற்றினேன். இசக்கிக்கு நிலையத்தில் எதிரியே கிடையாது. அவள் ஒருத்தி என்னிடம் படுத்தால் மற்றவர்களும் வருவார்கள். படுக்கையிலிருந்தபடியே அவள் இண்டர்காமில் பேசியது பதிவாகியிருக்கிறது:

"ஆசானைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன். அவரு வந்தாத்தான் எனக்கு தைரியம்."

இயந்திரத்தை அணைத்தேன்.

பதிவு 1189 | நாள் 403 | 09:30

பட்டறையை ஒட்டிய ஓய்வறைக்கு அவளைக் கொண்டுபோனார்கள். கட்டு முடிந்தது. மறுபடி படம் எடுத்தேன். தவறு கண்டுபிடிக்கலாம் என்று பத்து நிமிடம் பார்த்தேன். எலும்பு நூல் பிடித்ததுபோல நேராக இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து, இயந்திரம் வைத்து, இரண்டு மணி நேரத்தில் நான் செய்வதை அந்த மனுஷன் கைவிரலால் தடவிப் பார்த்து இருபது நிமிடத்தில் செய்துவிட்டார்.

படிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எலும்பை யாரும் ஒட்டுவதில்லை. முறிந்த இடத்தில் ரத்தம் உறையும், அதில் குருத்து வரும், குருத்து இறுகி எலும்பாகும். அது அதன் வேலை. நானும் சரி, அவரும் சரி, அதுவரை அசையாமல் பிடித்து வைக்கிறவர்கள் மட்டுமே. வேலை எலும்பினுடையது, கும்பிடு மட்டும் ஏசுவடியானுக்கு. எனக்கு வயிறு எரிகிறது. மருத்துவப் பதிவில் இப்படி எழுதக்கூடாதுதான்.

அளவு 19.

பதிவு 1190 | நாள் 403 | 10:05

இசக்கி என்னைத் தனி இணைப்பில் கூப்பிட்டாள்.

"சார், வலி உயிரு போவுது. ஒரு மாத்திரை குடுத்து விடுங்க. ஆசான்ட்ட சொல்லிராதீங்க சார். அவரு மனசு கஷ்டப்படும்."

கடைசியில் என்னைத் தேடி வந்துவிட்டாள். இருப்பதிலேயே வலுவான மாத்திரையை மருந்துக் குழாயில் அனுப்பினேன். சந்தோஷமாக இருந்தது. விசிலடித்தேன் என்று நினைக்கிறேன்.

பதிவு 1191 | நாள் 403 | 11:00

10:50க்கு அளவு 31. எச்சரிக்கை மணி அடித்தது. அந்த மணி என் மேசையில் மட்டும்தான் அடிக்கும்.

முறிந்த காலுக்குள் வீக்கம் ஏறுகிறது. வெள்ளைக்கரு காய்ந்து, கட்டு வெளியிலிருந்து இறுகுகிறது. நடுவில் சதை. முப்பதைத் தாண்டினால் அதற்குள் ரத்தம் போகாது. ஆறு மணி நேரம் அப்படியே இருந்தால் சதை செத்துவிடும். இந்தக் கேள்விக்குத்தான் எனக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்.

கட்டைத் தளர்த்தினால் போதும். இரண்டு நிமிட வேலை.

ஏசுவடியான் கூப்பிட்டார்:

"சாரே, படத்துல எலும்பு எப்பிடி கெடக்கு?"

"நேராக இருக்கிறது" என்றேன்.

"பெருவெரல மேல மடக்கிப் பாத்தேன். வலிச்சா கெட்ட அவுத்துவிடணும், அதாக்கும் எங்க மொற. பிள்ள ஒரு சத்தமும் போடல்ல. வலிதான் சாரே எனக்கு மீட்டரு. அப்போ இப்பிடியே விட்டுரலாமா?"

அவர் முறை சரியானது. என் பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது. அந்த வலியை மாத்திரை கொடுத்து அமுக்கியவன் நான்.

"உங்கள் கட்டு, உங்கள் இஷ்டம்" என்றேன்.

மணியை நிறுத்தினேன்.

பதிவு 1192 | நாள் 403 | 13:15

அளவு 38.

இன்னும் அரை மணி நேரம். அவளே கூப்பிடுவாள். கூப்பிட்டதும் ஓடுவேன், எல்லோர் முன்னாலும் கட்டை வெட்டுவேன், கால் பிழைக்கும். ஆசானால் ஆகாதது சாரால் ஆயிற்று என்று நிலையம் பேசும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் காலுக்குக் கேடு வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

உணவுக்கூட இண்டர்காம் திறந்து கிடக்கிறது. ஆசானுக்கு யாரோ கேசரி கிண்டியிருக்கிறார்கள். கைதட்டல் கேட்கிறது. எனக்குச் சாப்பாடு வரவில்லை, அனுப்ப மறந்துவிட்டார்கள்.

பதிவு 1193 | நாள் 403 | 14:10

அளவு 44.

ஏசுவடியான்: "சாரே, தொந்தரவுக்கு மன்னிக்கணும். பிள்ளக்க கால்வெரலு லேசா தணுத்துக் கெடக்கு. ஒண்ணும் இல்லல்லா?"

கேட்டுவிட்டார். நேராகவே கேட்டுவிட்டார். திரை என் முகத்துக்கு நேரே சிவப்பாக இருந்தது.

"அந்த அறையில் குளிர் அதிகம். போர்த்திவிடுங்கள்" என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று தெரியவில்லை. இல்லை, தெரியும். கேசரி.

பதிவு 1194 | நாள் 403 | 15:30

47. இரண்டு தரம் வாசல் வரை போனேன். இப்போது போனால், இதுவரை ஏன் வரவில்லை என்று கேட்பார்களே. பதினொரு மணிக்கே போயிருந்தால் அந்தக் கேள்வியே இல்லை. ஒவ்வொரு நிமிடமும் போவது இன்னும் கஷ்டமாகிறது. கூப்பிடு இசக்கி. தாயே, கூப்பிடேன்.

பதிவு 1195 | நாள் 403 | 16:52

"சார், வலியே இல்ல. ஆனா என் காலு எனக்குத் தெரியல சார். யாரு காலோ மாதிரி கெடக்கு."

ஓடினேன்.

பதிவு 1196 | நாள் 403 | 19:40

கட்டை வெட்டினேன். தோலை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இருபுறமும் கீறித் திறந்தேன். சதை சிவப்பாக இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் இருந்தது. இடுக்கியால் கிள்ளினேன், துடிக்கவில்லை. எலும்பு மட்டும் அப்படியே நேராக, அழகாக.

பதிவு 1197 | நாள் 405 | 10:00

செத்த சதையின் விஷம் ரத்தத்தில் ஏறத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டேன். அறுவை 80 நிமிடம். நோயாளி நலம்.

பதிவு 1198 | நாள் 407 | 12:30

நேற்று அறிக்கை கொடுத்தேன். காரணம்: கட்டின் அதிக இறுக்கம். அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் பொய் சொல்வதில்லை, உண்மையை அளந்து கொடுத்தேன். குளிர் பற்றிச் சொன்னது வேறு விஷயம்.

நிலையத் தலைவர் வகிதா எல்லா அறைகளுக்கும் அறிவித்தது:

"இனிமே யாரும் பட்டறையில கட்டுப் போட்டுக்கக் கூடாது. இசக்கி உயிரோட இருக்கிறதே நம்ம டாக்டராலதான். அவருக்கு நிலையத்தோட நன்றி."

நான்கு தரம் ஓட்டிக் கேட்டேன்.

ஏசுவடியான் கூப்பிட்டார். அழுதார்.

"எனக்க கையால ஒரு பிள்ளக்க காலு போச்சு சாரே. நீங்க இல்லன்னா உயிரும் போயிருக்கும். இனி நான் யாருக்கும் கெட்டு கெட்ட மாட்டேன்."

பரவாயில்லை என்றேன்.

பிறகு இசக்கி, தனி இணைப்பில்:

"சார், நான் மாத்திரை கேட்டத ஆசான்ட்ட சொல்லவே கூடாது. என் தப்புதான் அது. வலிக்கலன்னு அவருட்ட நாந்தான் பொய் சொன்னேன். தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு. நமக்குள்ளயே இருக்கட்டும் சார்."

சரி என்றேன். சரி இசக்கி, நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றேன்.

நேற்று இரவு வாந்தி எடுத்தேன். பிறகு நன்றாகத் தூங்கினேன். இரண்டையும் பதிவு செய்கிறேன்.

பதிவு 1209 | நாள் 426 | 09:15

முறிவு மூன்று. மூவரும் என்னிடம் வந்தார்கள். இயந்திரம் ஓடுகிறது. உணவுக்கூடத்தில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள். கேட்காமலே இரண்டாவது காபி வருகிறது. உங்களுக்கு இந்த நிலையத்தில் ஒரு குறையும் இருக்காது.

பதிவு 1216 | நாள் 440 | 11:20

இசக்கிக்கு என் இயந்திரத்தில் செயற்கைக் கால் ஒன்று வார்த்துக் கொடுத்தேன். உறுத்துகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள்.

இன்று காலை ஒன்றரைக் காலோடு பட்டறைக்குப் போயிருக்கிறாள். ஏசுவடியான் காற்றுக்குழாய்த் தகட்டை வளைத்து, மெத்தைப் பஞ்சு வைத்து, அவளுக்கு ஒரு கால் செய்திருக்கிறார். நிலையமே கூடி நின்று பார்க்கிறது. இண்டர்காம் திறந்திருக்கிறது.

"வலிக்கா மக்களே?"

"இல்ல ஆசானே. சாரோட காலவிட இதுதான் நல்லாருக்கு. நான் நடந்துட்டேன் பாருங்க!"

கைதட்டுகிறார்கள். அவர் கட்டால் காலை இழந்தவள் என்று நான் எழுதிக் கொடுத்து, நிலையமே படித்த பிறகும் அவரிடமே போகிறாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். என்னைப் பார்த்து ஒரு நாளாவது அப்படிச் சிரித்தாளா?

பதிவு 1217 | நாள் 440 | 13:05

ஆறாத குறைகாலில் புது அழுத்தமானி வைத்திருந்தேன். நடந்ததில் வீங்கியிருக்கிறது. தகடு பிடிக்கிறது.

அளவு 33. மணி அடிக்கிறது.

பதிவு 1218 | நாள் 440 | 13:07

நிறுத்திவிட்டேன்.

அவளே கூப்பிடட்டும்.