சூடானால் நிற்கும் வண்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். முட்டிவலிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டில் நான் வைத்த இடத்திலேயே இருக்கிறதா?

எங்களைப் பட்டறைக்கு ஏற்றிப்போகும் பழைய மினிவேன், சூடானதும் வழியில் நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறினால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். பயப்படாதீர்கள், ஓரங்கட்டித்தான் நிற்போம். மெக்கானிக் என்று நான் ஒருவன் இருந்தும், பெட்ரோல் பம்ப்தான் போச்சு என்று டிரைவர் ஒற்றைக்காலில் நின்றார். நேற்று வண்டி நின்றதும், குடிக்க வைத்திருந்த தண்ணீரை இன்ஜினில் இருக்கும் ஒரு சின்ன சென்சார் மேல் ஊற்றினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. சூட்டில் செத்துப்போவது அதுதான்.

"கெட்டிக்காரன்யா நீ!" என்று டிரைவர் முதுகில் தட்டினார்.

இன்று காலை புதுசு மாட்டினேன். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. எல்லோரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்கள். வண்டி நின்றால்தான் இறங்கி, பிஸ்கட்டைப் பங்குபோட்டுப் பேசுவோம். "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று எங்களோடு வரும் வெல்டர் கேட்டதும் அப்படி ஒரு அரைமணியில்தான். உங்களைப் பற்றிப் பாதிதான் சொல்லியிருந்தேன், அதற்குள் இன்ஜின் ஆறிவிட்டது.

உங்கள் போட்டோ ஒன்று அனுப்புங்கள், கண்ணாடி போட்டு எடுத்தது. வெல்டரிடம் காட்ட வேண்டும்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். பழைய சென்சாரைத் தூக்கிப் போடவில்லை அம்மா. சட்டைப்பையில்தான் இருக்கிறது.

உங்கள் சின்னவன்