வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

பம்ப் ஊசியைத் தேடி விளையாட்டு அறை பீரோவைக் குடைந்துகொண்டிருந்தேன். ஊசி கிடைக்கவில்லை, கேரம் போர்டில் தூவ நீ வைத்திருந்த போரிக் பவுடர் டப்பாதான் கிடைத்தது. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறி இரண்டு தும்மல். டப்பாமேல் நீ ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது: ‘போட்டிக்கு எடுக்கக் கூடாது.’ அது எனக்காக எழுதியது என்று அப்போதே தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான் ஒருத்திதான் பி.டி. டீச்சர். சனிக்கிழமை போட்டி, ஞாயிற்றுக்கிழமை பயிற்சி, திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் விசில். ‘உங்களுக்கென்ன, நாள் பூரா விளையாட்டுத்தானே’ என்று ஸ்டாஃப் ரூமில் இன்றைக்கும் சொல்கிறார்கள். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது உட்கார நாற்காலி காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

கல்லூரியில் நீ வாலிபால், நான் கபடி. இரண்டு பேருக்குமே ஆட்டம் என்றால் வேலைக்குப் போகும் வழி. வியாசர்பாடியில் என் அப்பா நான் வாங்கிய கோப்பைகளை ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை. சர்டிபிகேட்டுகளை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழைத் தண்ணீர் ஏறாத உயரத்தில் வைத்திருந்தார். வேலை உத்தரவு வந்த அன்று கழற்றிய ஷூவை மறுபடி எனக்காக நான் போட்டதே இல்லை. நீயும் அப்படித்தான். ஆனால் நீ அதைக் கவனித்தாய். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்ற ஒரு சாயங்காலம், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கேட்டாய்: “இன்னாடி, நாம கடைசியா எப்ப சும்மா ஆடுனோம்?” யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

அதற்கப்புறம்தான் ராயபுரத்தில் உன் அண்ணன் ஆடும் கிளப்பிலிருந்து ஒரு பழைய கேரம் போர்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாய். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், எட்டாம் வகுப்பு. விசில் கிடையாது, பாயிண்ட் கிடையாது, டீம் கிடையாது. பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் நம் பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்வது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ள வழக்கம். நான் கேட்கும் முன்பே கொடுத்துவிடுவேன், பதிவேடு எழுத நேரம் கிடைக்குமே என்று. நீ அந்த ஒரு பீரியடை மட்டும் விட்டதில்லை. “உங்க கணக்கு எங்கியும் ஓடிப் பூடாது டீச்சர். இதுங்க வாரத்துல சிரிக்கிறது இந்த ஒரு பீரியட்தான்” என்று வாசலிலேயே மடக்கி அனுப்பிவிடுவாய்.

அங்கேதான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். காசிமேட்டுப் பெண். விடியும் முன்பே அம்மாவோடு மீன் ஏலத்துக்குப் போய்க் கூடை தூக்கிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள். கையில் இறால் வாடை போயிருக்காது. அந்தக் கையால் எந்த மூலையில் ஒளிந்திருக்கும் காயையும் பேசிக்கொண்டே தட்டிவிடுவாள். ஜெயித்ததும் தோற்றவள் கன்னத்தில் பவுடரைத் தடவிவிட்டு ஓடுவாள். கதவருகில் நின்று மூன்று ஆட்டம் பார்த்தேன். நான்காவது ஆட்டத்தில் என் கை தானாகப் பைக்குள் போய் நோட்டை எடுத்தது. பெயர், வகுப்பு, பிறந்த தேதி.

வேறு யாராவது பார்த்திருந்தால் நன்றாக ஆடுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். பி.டி. டீச்சர்கள் நாம்தான், எந்த வயதுப் பிரிவில் இறக்கலாம் என்று, பிறந்த தேதி கேட்போம்.

அடுத்த வாரமே அவளைத் தனியாக உட்கார வைத்தேன். ஒரே ஷாட், ஐம்பது தடவை. பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. மண்டலத்தில் ஜெயித்தாள், மாவட்டத்தில் ஜெயித்தாள். அசெம்பிளியில் எல்லாரும் கை தட்டியபோது அவள் மேடையிலிருந்து உன்னைத்தான் தேடினாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி நீ சொன்னாய்: “அதுக்குன்னு இருந்ததே அந்த ஒரு சும்மா நேரந்தான்டி. அதயும் வேலையாக்கிட்டியே.”

“சும்மா ஆடுனா சோறு கிடைக்குமா?” என்று கேட்டேன்.

உன் டப்பாவிலிருந்த வறுத்த மீனில் பெரிய துண்டாக எடுத்து எனக்கு வைத்தாய். நமக்குள் பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மாநிலப் போட்டியில் அரையிறுதியோடு திரும்பினாள். ஆனாலும் அந்தச் சர்டிபிகேட் போதுமாயிருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், பிறகு ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. அவள் அம்மா இப்போது ஏலத்துக்குப் போவதில்லை. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். நீயும் சொன்னதில்லை.

கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ கேட்டாய்: “நம்ம ஸ்டெல்லா ஆடிகினு கீறாளா?”

“ஆடுறா. ஞாயித்துக்கிழமையானா ஆபீஸ் பொண்ணுங்களோட” என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய்.

அது பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு ஒரு மாதம் முன்புதான் தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோவில் அவளைப் பார்த்திருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை. ஆடுகிறாயா என்று கேட்டேன்.

“இல்ல மிஸ். போர்டப் பாத்தாலே அப்டியே திரும்பிப் பூடுவேன். வூட்ல இருந்ததக்கூட யாருக்கோ குட்த்துட்டோம்.”

“அப்ப லீவு நாள்ல என்ன பண்ணுவ?”

“தூங்குவேன் மிஸ்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லாங்காட்டி இன்னும் ஏலத்துலதான் நின்னுகினு இருப்பேன்” என்றாள். இரண்டும் உண்மை. இரண்டையும் உன் கட்டிலண்டை வந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. பொய்தான் இலேசாக இருந்தது. மன்னித்துக்கொள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் டப்பாவும் கையுமாக நின்றபோது கணக்கு டீச்சர் வந்தார். “மிஸ், ஆறாம் வகுப்பு கடைசி பீரியட் எனக்குத் தர்றீங்களா?” பழக்கத்தில் தலையாட்டப் போனேன். “இன்னிக்கு இல்ல டீச்சர்” என்றேன். அவர் ஏதோ உடம்பு சரியில்லாதவளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

போர்டைத் துடைத்துப் புதுப் பிள்ளைகளின் நடுவில் வைத்தேன். “ஜெயிச்சா டீமுல சேப்பீங்களா மிஸ்?” என்று ஒருத்தி கேட்டாள். “டீமெல்லாம் இல்ல. சும்மா ஆடுங்க” என்றேன். நம்பாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் சத்தம் கிளம்பிவிட்டது. முட்டி வலிக்கு இதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அந்த இடது கைக்காரி சுண்டினாள். காய் எதிர்க் கட்டையில் பட்டுத் திரும்பி வந்து அவள் பக்கத்துக் குழியிலேயே விழுந்தது. மறுபடியும் ஒன்று, அதே மாதிரி. தற்செயல் இல்லை என்று எனக்குத் தெரியும், இருபது வருஷமாக இதையே பார்த்துத் தேய்ந்த கண். என் கை பைக்குள் போய் நோட்டைத் தொட்டது. அவள் வீட்டிலும் ஒரு சர்டிபிகேட்டுக்குக் காத்திருப்பார்களோ என்னவோ. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ நான் எழுதத்தான் போகிறேன், என் புத்தி எனக்குத் தெரியும். நீ இருந்தால் நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருப்பாய். நீ இல்லாததால் என் கையை நானே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மணி அடித்தது. கன்னமெல்லாம் பவுடரோடு அவள் பையை மாட்டிக்கொண்டு, “வரேன் மிஸ்” என்று ஓடினாள். அவள் பெயரை நான் கேட்கவில்லை.