மாமா வாங்க மறுக்கும் மாத்திரை

நாமக்கல்,
செவ்வாய் காலை.

கனிஷ்காவின் அப்பாவுக்கு, தனப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது.

கனிஷ்காவும் நானும் நலம். உங்கள் அப்பா நலமில்லை. போனில் நான் வாயைத் திறந்ததும் முட்டை ஏற்றுமதிக்குப் போன மஸ்கட்டில் உங்களைத் தேடி யாராவது முட்டை வியாபாரி வந்துவிடுகிறார். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

மாமாவுக்கு வலது கை இன்னும் எழவில்லை. பேச்சு குழறுகிறது, ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது. நேற்று முதல் நான் மாத்திரை கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். நர்ஸ் கொடுத்தால் வாங்குகிறார். நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கொடுக்க நான் ஒருத்திதான்.

காரணம் உங்கள் அக்கா மைதிலி. "பிரியா மாத்திரைய அவ இஷ்டத்துக்கு நிறுத்திப்போட்டாளாமா" என்று நீங்கள் சொன்னதை மாமாவின் தலைமாட்டில் நின்றே சொல்லியிருக்கிறார். கேட்டதும் எனக்கு உங்களை நினைத்து அருவருப்பாக இருந்தது.

மாமாவின் கண் ஆபரேஷனுக்கு ரத்தம் சோதிக்க வேண்டும் என்றதும், "அஞ்சு நாளைக்குப் பிரஷர் மாத்திரைய நிறுத்திப்போடு, ரத்தத்துல மருந்து தங்கக்கூடாது" என்றது யார்? முட்டையை லேபுக்கு அனுப்பும் முன் பண்ணையில் கோழிக்கு மருந்தை நிறுத்துவீர்களே, பெற்ற தகப்பனுக்கும் அதே முறை! டாக்டர் சொன்னதாகச் சொல் என்றதும் நீங்கள்தான். இருபது வருஷமாகப் பண்ணை நடத்துகிறவருக்குத் தெரியாதா என்று நம்பி நானும் மாமாவிடம் அப்படியே சொன்னேன். என்னை நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மாமாவுக்குத் தலைவலி, படபடப்பு, வேர்வை. உங்களைக் கூப்பிட்டேன். "இன்னும் ரெண்டு நாள்தானே, பொறுத்துக்கோணும்னு சொல்லு" என்றீர்கள். மறுநாள் காலை பல் துலக்கும்போது விழுந்தார்.

டாக்டர் ரஞ்சனி விளக்கினார். மூளையிலிருந்து நரம்பு வழியாக ரத்தக் குழாய்களுக்கு ஓயாமல் சேதி போகிறதாம். நரம்பு முனையில் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் சுரந்து குழாயை இறுக்குகிறதாம், அழுத்தம் ஏறுகிறதாம். மாமாவின் மாத்திரை மூளைக்கே போய் அந்தச் சேதியைக் குறைக்கிறது. அதனால்தான் அவருக்குத் தூக்கமும் வாய் வறட்சியும். திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த ரசாயனம் மொத்தமாகக் கிளம்பிவிடும், அழுத்தம் முன்பைவிட எகிறும். நிறுத்துவதானாலும் டாக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டுமாம். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். அங்கேயும் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மாமாவிடம் நேற்று உண்மையைச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் சொன்னதாக ஒரு முறை பொய் சொன்ன வாயை அவர் எப்படி நம்புவார்?

இன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போனை அவர் காதில் வைப்பேன். "நான்தானுங்கப்பா நிறுத்தச் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதைக் கேட்கும் பொறுமை எனக்கு இல்லை. நாளை இரண்டு வேளை மாத்திரை உள்ளே போகாவிட்டால் மறுபடியும் என்ன நடக்கும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

ஆஞ்சநேயர் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். ஆறு மணிக்கு உங்களுக்கு அவர் தைரியம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்,
தனப்பிரியா