ஞாயிறு காலையில் வர்ஷினி போகும் இடம்

சாந்தோம்,
6.1.1996

மதிப்பிற்குரிய வெங்கடரமணன் அவர்களுக்கு,

போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும், அதனால் எழுதுகிறேன். மஸ்கட்டிலிருந்து என் தம்பி காஸ்பரும் உங்கள் தங்கை நீரஜாவும் நம் இருவரையும் நம்பித்தான் வர்ஷினியைப் படிக்க அனுப்பினார்கள். வார நாள் என் வீடு, சனி ஞாயிறு உங்கள் வீடு, ஞாயிறு திருப்பலிக்கு மட்டும் என்னுடன் என்று பேச்சு. ஆறு வாரமாக அவள் திருப்பலிக்கு வரவில்லை. கேட்டால், "மாமா கோவிலுக்குக் கூட்டிட்டுப் போறார் அத்தை" என்கிறாள். பதினாறு வயதுப் பெண்ணை இப்படி இழுப்பது நியாயமா?

லூயிசா

மந்தைவெளி,
10.1.1996

லூயிசா அவர்களுக்கு,

க்ஷேமம். நான் அவளை எந்தக் கோவிலுக்கும் அழைத்துப் போகவில்லை. "அத்தையோட சர்ச்சுக்குப் போறேன் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறாள். திரும்பும்போது சுடிதார் காலெல்லாம் சேறு. எந்த சர்ச்சில் சேறு? நீங்கள்தான் எதையோ மறைக்கிறீர்கள் என்று போன வாரமே நீரஜாவுக்கு எழுதிவிட்டேன். ஞாயிறன்று பின்னாலேயே போகப் போகிறேன்.

வெங்கடரமணன்

மந்தைவெளி,
14.1.1996

லூயிசா அவர்களுக்கு,

போகிப் புகையில் அடையாறு முகத்துவாரம் வரை அவள் பின்னால் நடந்தேன். யாராவது ஒரு பையன் நிற்பான் என்று நினைத்தேன். ஏழெட்டுப் பிள்ளைகளும் சான்ட்ரா என்று ஒரு டீச்சரும் சேற்றில் நின்று பறவை எண்ணிக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு அப்பா சிந்தாதிரிப்பேட்டை, அம்மா நாகாலாந்து. பிள்ளைகளும் இப்படி இரண்டு பக்கத்தில் பிறந்தவர்கள்தான். "இது எந்த மதக் கூட்டம்?" என்று கேட்டேன். டீச்சர் பறவைக் கணக்கு நோட்டை நீட்டினார்.

வர்ஷினி வெளுத்துப்போனாள். அப்புறம் சொன்னாள்: "உங்காத்துல நான் கிறிஸ்டியன் பொண்ணு. அத்தை வீட்டுல ஐயர் பொண்ணு. இங்க உள்ளான் குருவி எத்தனைன்னுதான் கேக்கறா மாமா."

எனக்குச் சந்தேகம் இன்னும் முழுக்கப் போகவில்லை. நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

வெங்கடரமணன்

சாந்தோம்,
21.1.1996

தம்பி வெங்கடரமணனுக்கு,

இன்று திருப்பலியை விட்டுவிட்டுப் போனேன். டீச்சரைத் துருவித் துருவிக் கேட்டேன். குற்றம் அகப்படவில்லை. வர்ஷினி என் கையைப் பிடித்துச் சேற்றில் இறக்கி, ஒவ்வொரு பறவையாகக் காட்டினாள். என் வீட்டில் ஒரு நாளும் அவள் இத்தனை பேசியதில்லை. அதுதான் உறுத்துகிறது.

நீங்கள் எழுதியது போதாதென்று நானும் காஸ்பருக்கு எழுதியிருந்தேன். நேற்று போன் செய்தான். இரண்டு வீட்டிலும் நம்பிக்கை போய்விட்டதாம், அடுத்த மாதம் வந்து அவளைக் கூட்டிப் போகிறானாம். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவளை இங்கேயே விட்டுவை என்று நாம் இருவரும் ஒரே தாளில் எழுதினால் ஒருவேளை கேட்பான். இத்துடன் இருக்கும் தாளில் மேல் பாதியை எழுதிவிட்டேன். கீழ்ப் பாதி உங்களுக்கு. தபாலில் திருப்பி அனுப்பினால் நாள் ஓடிவிடும், நீங்களே கொண்டு வாருங்கள். காஸ்பருக்கும் நீரஜாவுக்கும் கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் என் வீட்டுப் படி ஏறியதில்லை நீங்கள். காபி கொடுத்தால் குடிப்பீர்களா, தெரியாது. போட்டு வைக்கிறேன்.

அக்கா
லூயிசா