பாதுகாப்பு வாரம் என்று நினைத்துக் குத்திய பேட்ஜ்

மணிமங்கலம்
மார்ச் 9

அன்புள்ள கவியா,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க நம் பெருமாளை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். மாடித் தொட்டி ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று. தீபாவளிக்கு வந்தபோது, ஒரு பெண்ணோடுதான் வாழப்போகிறேன் என்று நீ சொன்னாய், குக்கர் விசில் வருகிறது என்று நான் எழுந்து போனேன். அன்று அடுப்பில் குக்கரே இல்லை. அதற்குப் பிறகு போனில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதைத் தாண்டி நாம் பேசவில்லை, அதனால்தான் கடிதம்.

போன வியாழக்கிழமை காலை இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது தண்டலம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் உண்டியலோடு நின்றார்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, கண்ணாடியும் போடவில்லை. சேஃப்டி வீக் பேட்ஜ் என்று நினைத்து இருபது ரூபாய் போட்டுவிட்டு, கம்பெனி வேலைக் கோட்டில் குத்திக்கொண்டு போனேன். இன்னா ஸ்ரீமதி, கலர் கலரா குத்திகினு யாருக்கு ஓட்டு கேக்குற என்று கூட வேலை செய்யும் கன்னியம்மா கேலி செய்தாள். டீ நேரத்தில் தையல் லைனில் இருக்கும் தென்காசிப் பெண் பாண்டிச்செல்வி வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். அது பெண்ணைப் பெண்ணும் ஆணை ஆணும் விரும்புகிறவர்களுக்கான வானவில் பேட்ஜ் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது; அவளும் உன்னைப் போலத்தான். எங்கம்மா ரெண்டு வருசமா போனை எடுக்க மாட்டேங்கா அக்கா, அவ இப்படி ஒண்ணைக் குத்திக்கிட்டு நின்னான்னா நான் அன்னைக்கே பஸ் ஏறிருவேன் என்றாள். தெரியாமல் குத்திக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயந்திரம் அந்தப் பிள்ளைகளிடமே போய், தெரியாமல் குத்திக்கொண்டதைச் சொன்னேன். சுகப்பிரியா என்ற பெண் சிரித்துவிட்டாள், பரவால்ல ஆன்ட்டி, பாதிப் பேர் கண் தானம்னு நெனச்சுதான் காசு போட்டாங்க என்றாள். இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டில் துரத்திவிட்டால் அவர்கள் தங்கவும் படிக்கவும் இந்தப் பணம் போகிறதாம். இன்னொரு பேட்ஜ் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் அப்பா, இன்னா இது, சேஃப்டி வீக்கா என்று கேட்டார். இல்லை, நம் கவியாவுக்காக என்றேன். நீ சொன்னது அவருக்கும் தெரியும், அன்றைக்கே என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். காலையில் பார்த்தால், துவைக்கப் போட்டிருந்த கோட்டிலிருந்து பேட்ஜைக் கழற்றி என் சாப்பாட்டுப் பைமேல் வைத்திருந்தார். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு மாற்றுக் கோட்டில் நானே குத்திக்கொண்டேன்.

வீசிங் மருந்து கைப்பையிலேயே இருக்கட்டும். ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே. அந்தப் பெண்ணின் பெயரை நீ சொல்வதற்குள் எழுந்து போய்விட்டேன், அவள் பெயரையும் என்ன சாப்பிடுவாள் என்பதையும் எழுது. இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வாங்கிய இன்னொரு பேட்ஜ் இந்த உறைக்குள் இருக்கிறது. என்னுடையது என் கோட்டில் இருக்கிறது. சித்திரைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறு.

உன் அம்மா,
ஸ்ரீமதி