தொண்ணூற்று நான்கு கிலோ

மாமா, நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது உங்கள் பழைய வேட்டித் துணியில் ஒரு பொட்டலம் கிடைத்தது. பிரிக்கும் முன்பே கிரீஸ் வாசனை. என் பைக்கோடு வந்த பின்பக்க ஸ்பிரிங். நூலில் ஒரு சீட்டும் கட்டியிருந்தீர்கள்.

சிப்காட் கம்பெனியில் ஸ்டோர் பார்த்த கை சும்மா இருக்குமா? சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்று எழுதுபவர்கள் உண்டு. காலி டப்பாவில் 'காலி' என்று எழுதி வைத்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

2012-இல் நான் அந்த வண்டியை வாங்கினேன். தார் ரோடு, மண் ரோடு இரண்டிலும் ஓடுகிற ஒல்லி வண்டி. "ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கே மாப்ள, என்னைத் தாங்குமா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினீர்கள். செம்மண்டலத்தில் நம் வீட்டிலிருந்து சிதம்பரத்தில் உங்கள் தங்கை வீட்டுக்கு ஞாயிறுதோறும் போனோம். வீட்டில் "சாப்டீங்களா மாப்ள"வுக்கு மேல் நமக்குள் பேச்சில்லை. முகம் பார்க்காமல் உட்கார்ந்ததாலோ என்னவோ, வண்டியில் மட்டும் வாய் மூடாமல் பேசினீர்கள். அப்பா இல்லாத எனக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது.

ஆனால் ஸ்பிரிங் மெலிசு. பள்ளத்துக்குப் பள்ளம் நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டீர்கள். கெட்டியான ஸ்பிரிங் போடலாம் என்று மெக்கானிக்கிடம் போனேன்.

"பின்னாடி ஒக்கார்றவரு எவ்ளோ கிலோ இருப்பாரு சார்?"

பெண் கொடுத்தவரின் எடையை எந்த மருமகன் கேட்பான்? பார்த்தாலே தொண்ணூறைத் தொடும் என்று தெரியும்தான். ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. "எழுபது இருக்கும்" என்றேன். அவர் எழுபதுக்குத் தகுந்ததை மாட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு புதுச்சத்திரம் வேகத்தடையில் 'டங்'கென்று அடி தட்டியது. டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் மெதுவாக இறங்கினீர்கள். "நான் பஸ்லயே வந்துர்றேன் மாப்ள. வண்டி பாவம்."

மூன்று ஞாயிறு பஸ்ஸில் போனீர்கள். வீட்டில் மறுபடியும் "சாப்டீங்களா மாப்ள". எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

நான்காவது சனிக்கிழமை நீங்களே மெக்கானிக்கிடம் போய் விஷயத்தைக் கறந்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு எடை மிஷினில் ஏறி, அதில் வந்த அட்டையைக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் வைத்தீர்கள். தொண்ணூற்று நான்கு.

"மரியாதய வாயில வச்சிக்கிங்க மாப்ள. ஸ்பிரிங்ல வைக்காதீங்க."

அன்றைக்கே சரியானதை மாட்டினோம். மறுநாள் அதே வேகத்தடையை வேண்டுமென்றே வேகமாக ஏறச் சொன்னீர்கள். அடி தட்டவேயில்லை. டீக்கடையைப் பார்த்துக் கையசைத்தீர்கள். அன்று பிச்சாவரம் வரை போய்விட்டு, தங்கையிடம் சாப்பாடு ஆறிவிட்டதென்று திட்டு வாங்கினோம். வண்டியோடு வந்த பழைய ஸ்பிரிங்கை அப்புறம் நீங்கள்தான் துடைத்து எடுத்து வைத்தீர்கள். சீட்டு கட்டியது எனக்குத் தெரியாது.

நேற்றுதான் படித்தேன். 'மாப்பிள்ளை தனியாகப் போகும்போது மாட்டவும்.'

பரணுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மகள் வந்து சீட்டைப் படித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நீங்கள் எழுதி வைத்ததை முதல் முறையாக மீறுகிறேன் மாமா. ஸ்பிரிங்கை மாட்டாமல் திரும்பச் சுற்றி அதே இடத்தில் வைத்துவிட்டேன். இன்று காலை, நீங்கள் இல்லாத வண்டியில் தனியாக உங்கள் தங்கையைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. பின்னால் தொண்ணூற்று நான்கு கிலோ குறைகிறது. இந்த முறை சரியாகச் சொல்கிறேன்.