பிங்கிகிட்டச் சொல்லு

2024 செப்டம்பர் 12, வியாழன்

காட்டுப்பன்றி மறுபடி வந்து கடலைக்காய்ச் செடியைக் கிளறிப் போட்டுவிட்டது. சேதியை இவர் என்னிடம் சொல்லவில்லை. சமையலறை வாசலில் நின்று கிரைண்டரிடம் சொன்னார். "காவல் இல்லாத ஊடு. வேற எப்படி இருக்கும்?" கிரைண்டர் பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை.

எங்கள் மகள் சிவசங்கரி ஆனி மாதம் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு கம்பம்மெட்டுக்குப் போனதிலிருந்து இப்படித்தான். பையன் ஜிதின், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீடு, ஏலக்காய்க் கடையில் வேலை. நல்ல பையன்தானே என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "அவ பேர இந்த ஊட்டுல எடுக்கப்படாது" என்றார். அன்றிலிருந்து என் பேரையும் எடுப்பதில்லை.

புரட்டாசி வருகிறது. பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். மாதம் முழுக்க இந்த வீட்டில் கவுச்சி நுழையாது. நீ இவர் வாயில் மகள் பேரை வரவழை. சாமியிடமும் கொடுக்கல் வாங்கல் சுத்தமாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 14, சனி

பக்கத்துத் தோட்டத்து முருகேஸ்வரி வந்தாள். "தெருநாயிங்கள எடுத்து வளத்தற எடம் பாலக்காட்டுல இருக்குதுங்க்கா. சும்மாவே குடுக்கறாங்களாமா." சும்மா என்ற சொல் இவர் காதில் விழுந்தது. உடனே சட்டை மாட்டிக்கொண்டு கிரைண்டரிடம் சொன்னார், "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அங்கே எல்லா நாயும் கம்பியில் பாய்ந்து குரைத்தன. ஒன்று மட்டும் எங்களைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. தவிட்டு நிறம், பாதிக் காது இல்லை. காவலுக்கு நாய் தேடி வந்தவர் அதன் முன்னால் போய் நின்றுவிட்டார். "இது போதும்." ஏன்? கேட்கவில்லை. கேட்கிற வழக்கம்தான் போய்விட்டதே.

பெட்டை. பெயர் பிங்கி. கையோடு தரமாட்டார்களாம். வீட்டை வந்து பார்த்துவிட்டுத்தான் தருவார்களாம்.

செப்டம்பர் 19, வியாழன்

ஜிஸ்மி என்கிற பெண் அந்த இடத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். சிவசங்கரி வயசுதான் இருக்கும். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதுபோல் கேட்டை ஆட்டிப் பார்த்தாள், கிணற்று மூடியைப் பார்த்தாள், கொட்டகையின் ஓட்டைப் பார்த்தாள்.

"சங்கிலில கெட்டி இடக்கூடாது கேட்டோ அங்கிள். மழைல எங்க படுக்கும்? வீட்ல சண்டை உண்டோ? சத்தம் கேட்டா இவளுக்குப் பேடியாக்கும், பயந்துடும்."

"இந்த ஊட்டுல சத்தமே இருக்காதுங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

என் மகள் போயிருக்கிற வீட்டில் எத்தனை அறை என்று எனக்குத் தெரியாது. நாய்க்கு இவ்வளவு விசாரணை. பதில் சொல்லிக்கொண்டே வந்தவர் குரலும் போகப்போகத் தணிந்தது. அல்லது எனக்குத்தான் அப்படிக் கேட்டதா?

கடைசியில் அந்தப் பெண், "ஒன்னும் தப்பா நெனைக்கண்டா சேச்சி, எல்லார்ட்டயும் கேக்கறதுதான். நாளைக்கு உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இவளை யாரு பாத்துப்பாங்க? ஒரு ஆள் பேரும் நம்பரும் சொல்லுங்க" என்றாள்.

முருகேஸ்வரி பேரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சிவசங்கரி" என்றார். "எம்பொண்ணு."

பிறகு நம்பரைச் சொன்னார். போனைப் பார்க்காமல், எங்கும் தடுக்காமல். அவள் போன அன்றைக்கே போனிலிருந்து அழித்துவிட்ட நம்பர்.

காபி போடுகிறேன் என்று உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன்.

ராத்திரி யோசித்தேன். புரட்டாசி பிறந்து மூன்றாம் நாளே பெருமாள் தந்துவிட்டார். நான் கேட்டது பேரை மட்டும். வாயைத் திறந்து பெரிதாகக் கேட்டிருக்கலாம் — மகளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று. இனிமேல் திருத்தினால் சாமி ஒப்புமா?

செப்டம்பர் 21, சனி

பிங்கி வந்தாள். புரட்டாசி முதல் சனி. பெருமாளுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலை வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தயிர்ச்சோறும் வேண்டாமாம்.

செப்டம்பர் 23, திங்கள்

இன்னும் பட்டினி. ஜிஸ்மிக்குப் போன் செய்தேன். "மத்தி மீன் இட்டுக் கொடுங்க சேச்சி, இவ அது மட்டுமே தின்னும்." புரட்டாசியில், என் வீட்டில், மத்தி! கொட்டகையில் மூன்று கல் வைத்து வேகவைத்தேன். பெருமாளே, கண்ணை மூடிக்கொள்.

செப்டம்பர் 27, வெள்ளி

இவர் கிரைண்டரை விட்டுவிட்டார். "பிங்கி, காப்பி ஆச்சான்னு கேளு." நான், "பிங்கி, டம்ளர் மேசை மேலதான் இருக்குது, கண்ணத் தொறந்து பாக்கச் சொல்லு." அது அவரைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது. இத்தனை மாதத்தில் இந்த வீட்டில் இவ்வளவு பேச்சு நடந்ததில்லை.

அக்டோபர் 2, புதன்

பன்றி வந்தது. காவல் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அக்டோபர் 5, சனி

பிங்கியின் தட்டில் மத்தி முள் ஓரமாக, அழகாக, ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. நாய் முள்ளை ஒதுக்கித் தின்னுமா?

"பிங்கி, இத்தன பதனமா முள் எடுக்க யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேளு."

"பிங்கி, நீ வந்த எடத்துல பழக்கியிருக்காங்கன்னு சொல்லு." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்.

அக்டோபர் 10, வியாழன்

ஜிஸ்மி சரிபார்க்க சிவசங்கரியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் உடனே எனக்குப் போன். "அம்மா, அப்பா எம்பேரச் சொன்னாராமா? நெசமா? அவரே சொன்னாரா?" அழுகை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். இவர் வாசலில் பிங்கிக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பிங்கி, உன்னைய அங்க கொண்டுபோயி உட்டா எங்க வெப்பாங்கன்னு கேளு. எடம் இருக்குதா?"

"வந்து பாக்கச் சொல்லுங்கம்மா" என்றாள் அவள்.

"பின்ன? பாக்காம உடுவாங்களா? அந்தப் புள்ள நம்மூட்டையே அத்தன பாத்துச்சு" என்றார் இவர்.

பெத்த புள்ளைக்குப் பாக்காத ஊட்ட நாய்க்குப் பாக்கப் போறாராம். வெக்கமா இல்லியா மனுசா? — கேக்கல. வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். கேட்டா போகமாட்டாரு.

அக்டோபர் 17, வியாழன்

ஐப்பசி பிறந்தது. வேண்டுதலை நாயும் உடைத்தது, நாய் பேரைச் சொல்லி இவரும் உடைத்தார். பெருமாள் மட்டும் தன் பங்கை ஒழுங்காகச் செய்கிறார். இதை வரவுப் பக்கம் எழுதுவதா, பற்றுப் பக்கம் எழுதுவதா என்று தெரியவில்லை. துளசி மாலை சாத்திவிட்டு வந்தேன்.

அக்டோபர் 26, சனி. கம்பம்மெட்டு

பிங்கியை முருகேஸ்வரியிடம் விட்டுவிட்டு இருட்டோடு கிளம்பினோம். கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஜிதின் ஜீப்போடு நின்றிருந்தான். மேட்டில் ஏறும்போது குளிர்.

சிவசங்கரியின் மாமியார் செபமாலையம்மாள் வாசலுக்கே வந்து, "வாங்க சம்பந்தி, இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சாக்கும்" என்றார். இவர் நேரே வீட்டைச் சுற்றினார். தகரக் கூரையைத் தட்டினார். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். பின்கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். உள்ளே போய்க் கட்டில் மெத்தையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"நாய்க்கு மெத்தையெல்லாம் பாக்கீயளே சம்பந்தி!" என்று அந்த அம்மாள் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற சிவசங்கரியைப் பார்த்தார்.

"எளச்சுட்டியே கண்ணு" என்றார்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

திரும்பும்போது பழனி தாண்டியதும் கேட்டேன். "ஏனுங்க, நாய எங்க படுக்க வெப்பீங்கன்னு அவங்ககிட்டக் கேக்கவே இல்லீங்களே?"

"எந்த நாய?" என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

காலையில் வாசலிலிருந்து குரல் வந்தது. "சாந்தா, காப்பி ஆச்சா?"

"ஆச்சுங்க, வாங்க."

நடுவில் உட்கார்ந்திருந்த பிங்கி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு எழுந்து போய் வெயிலில் படுத்துக்கொண்டாள்.